வறண்ட ஆற்றில் கூடாரமா?

பங்குனி பிறந்தால் ராஜபாளையம் வட்டாரத்தில் ஒரு பேச்சும் கூடவே பிறந்துவிடுகிறது. அய்யனார் கோவில் ஆறு வற்றிவிட்டது, மணலும் பாறையுமாகக் கிடக்கிறது, இரவு கூடாரம் போட இதைவிடத் தோதான காலம் கிடையாது என்கிறார்கள். தலைக்கு மேல் மழை இல்லாதவரை வெள்ளம் எப்படி வரும் என்று ஒரு சமாதானம் வேறு. எத்தனை முறை மறுத்தாலும் சாகாத கதை இது. ஆற்றில் வருவது நம் தலையில் விழும் மழையல்ல, மலை முகட்டில் விழும் மழை. கோவிலுக்கு மேற்கே மலை செங்குத்தாக எழுகிறது. ஓடைகள் குறுகியவை, படுகை முழுக்கப் பாறை. பெய்த நீரைப் பிடித்துவைத்து மெல்ல விட அங்கே இடமில்லை. கோடை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலையில் ஏறி, பிற்பகலில் இடிமேகமாகத் திரண்டு, உச்சியில் மட்டும் கொட்டிவிட்டுப் போவது இங்கே வாடிக்கை. அந்த நேரம் ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். செல்போனில் மழை இல்லை என்றுதானே காட்டுகிறது என்பார்கள். அதில் ஊர்ப் பெயரைத் தட்டினால் வருவது ஊருக்கான கணிப்பு, முகட்டுக்கானது அல்ல. இதே மலைத்தொடரில், 2015 மே மாதம், வைகாசி அமாவாசையை ஒட்டிச் சதுரகிரி மலைக்கோவிலுக்கு ஏறிய பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கினார்கள், உயிர்களும் போயின. அது ஐப்பசியோ கார்த்திகையோ அல்ல, நடுக்கோடை. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். கூடாரத்துக்குள் தூங்குகிறவருக்கு எழுந்து நிற்கும் அவகாசம்கூடக் கிடைக்காது. நம் தாத்தாக்கள் அய்யனார் கோவிலில் பொங்கல் வைத்துத் தங்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கேள்வி: அவர்கள் ஆற்றுக்குள்ளா படுத்தார்கள்?

வெள்ளத்தை விட்டுவிடுவோம், அந்த இடம் யாருடையது? அந்த ஆறு இறங்கிவரும், 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதையும் அங்கே தீ மூட்டுவதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. "யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனால் போதும்" என்பது அனுமதி ஆகாது. குளிர்நாடுகளில் பனி உருகிப் பச்சை துளிர்க்கும் பருவத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, அதே மாதத்தில் இங்கே கிளம்புகிறோம். இங்கே மாசியும் பங்குனியும் இலை உதிர்ந்து புல் காய்ந்து நிற்கும் காட்டுத்தீ மாதங்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தது மாசிக் கடைசியில்தான். சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. ஆகவே, விலங்குகளை விரட்ட நெருப்பு மூட்டலாம் என்ற யோசனையை அடுப்படியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காடு வேண்டாம், அடிவாரத்து மாந்தோப்பில் தங்கினால் பயமில்லை என்கிறார்கள் சிலர். மாவும் தென்னையும் தேடி யானைகள் இறங்குவது அந்தத் தோப்புகளுக்குத்தான் என்பதை எந்தத் தோப்புக்காரரும் சொல்வார். ராஜபாளையம் நாய் துணைக்கு இருக்கிறது என்ற வீரமும் வேண்டாம். சிறுத்தைக்கு நாய் இரை. நாயின் நோய் காட்டு விலங்குக்கு எமன்.

பிறகு எப்படித்தான் போவது? வடகிழக்குப் பருவமழை முடிந்து காடு இன்னும் பசுமையாக இருக்கும் தை மாதத்தில் போகலாம். இரவுக்கு ஊரில் விடுதி, பகலில் மலை. 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் இந்த மலைக்காட்டின் செண்பகத்தோப்பு–புதுப்பட்டிப் பாதையும் இருக்கிறது. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு நடக்கலாம். காட்டுத்தீப் பருவத்தில் இந்தப் பாதைகளை மூடிவிடுவார்கள். அதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் மேலே குரங்கணி பற்றிய வரிகளை இன்னொரு முறை படிக்கட்டும்.