உலக விலைப் போட்டியும் பாற் கூட்டுறவும் : டென்மார்க் தேசத்தின் அனுபவம்

நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் குடியானவர் கையில் மிச்சம் நிற்பதில்லை என்னும் குறை எத்தேசத்திலும் உண்டு. விலை இறங்கினால், குறைந்த வரும்படியை ஈடுசெய்ய வேண்டி ஒவ்வொருவரும் முன்னிலும் அதிகமாக உற்பத்தி செய்ய முற்படுகின்றனர். யாவரும் அவ்வாறே செய்யுங்கால், சந்தையில் சரக்கு மிகுந்து விலை மேலும் இறங்குகிறது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொருவர் செய்வதும் நியாயமே. ஒருங்கே நோக்கின் அனைவருக்கும் நஷ்டமே. ஒரு கண்டத்தின் சரக்கு மற்றொரு கண்டத்தின் சந்தையில் சில வாரங்களில் வந்து இறங்கும் இக்காலத்தில், பக்கத்து ஊரார் மட்டுமன்றிக் கண்ணால் காணாத அயல் தேசத்தாரும் இப்போட்டியில் சேர்ந்துள்ளனர். இந்நிலையில் சிறு குடியானவர் செய்யத்தக்கது யாது என்பதை ஆராய டென்மார்க் தேசத்தின் சரித்திரம் பெரிதும் உதவும். கூட்டுறவினால் அத்தேசத்தார் அடைந்த நன்மையோடு, கூட்டுறவு இருந்தும் தவிர்க்க இயலாது போன கேட்டினையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

தானிய விலையின் வீழ்ச்சி

டென்மார்க், பரப்பில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கே உள்ள சிறு தேசம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அதன் குடியானவர்கள் வாற்கோதுமை, கோதுமை முதலிய தானியங்களை விளைவித்து, மிகுந்ததை இங்கிலாந்து முதலிய தேசங்களுக்கு விற்று வந்தனர். 1870-க்குப் பின் அந்நிலை மாறிற்று. அமெரிக்காவின் பரந்த சமவெளிகளில் புகைவண்டிப் பாதைகள் போடப்பட்டன. நீராவிக் கப்பல்களால் கடற்கூலி குறைந்தது. ரஷ்யாவின் தானியமும் பெருவாரியாக வந்தது. ஐரோப்பாவெங்கும் தானிய விலை விழுந்தது.

ஜெர்மனி 1879-ம் ஆண்டில் தானிய இறக்குமதிக்கு வரி விதித்துத் தன் குடியானவரைக் காக்க முயன்றது. டென்மார்க் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. மலிந்து வந்த தானியத்தையே வாங்கிக் கறவைகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனமாக இட்டு, வெண்ணெயையும் பதனிட்ட பன்றி இறைச்சியையும் விற்கத் தலைப்பட்டது.

இதில் ஓர் இடையூறு இருந்தது. பெரும் பண்ணைகளில் தக்க சாதனங்களும் தேர்ந்த ஆட்களும் இருந்தமையால் அவற்றின் வெண்ணெய் உயர்ந்த விலைக்குப் போயிற்று. சில பசுக்களே வைத்திருந்த சிறு குடியானவர்கள் தத்தம் வீட்டில் கடைந்த வெண்ணெயோ வீட்டுக்கு வீடு வேறுபட்டது. வியாபாரிகள் அதனைத் தாழ்ந்த விலைக்கே வாங்கினர். 1878-ம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்தவரான குஸ்தாவ் டி லாவல் என்பவர், பாலினின்றும் பாலேட்டை இடைவிடாது பிரித்தெடுக்கும் சுழல் இயந்திரத்தை அமைத்தார். ஆனால் அத்தகைய இயந்திரத்தை வாங்கப் பெரும் முதல் வேண்டும். அதனை ஓட்டவோ ஒரு வீட்டுப் பால் போதாது. ஆகவே, சிறு குடியானவர் தனித்து நின்றவரை அவ்வியந்திரத்தால் அவருக்கு யாதொரு பயனும் இல்லை.

யெட்டிங் கிராமத்துச் சங்கம்

1882-ம் ஆண்டில் ஜட்லாந்துப் பகுதியின் மேற்கே யெட்டிங் என்னும் கிராமத்தார் ஒன்றுகூடிப் பொதுவில் ஒரு பாற்பண்ணை ஏற்படுத்தினர். அதுவே அத்தேசத்தின் முதற் கூட்டுறவுப் பாற்பண்ணை எனக் கொள்ளப்படுகிறது. அதனைப் பின்பற்றி எழுந்த சங்கங்களின் முக்கிய நிபந்தனைகள் வருமாறு:

1. வீட்டுச் செலவு போக எஞ்சிய பால் முழுவதையும் அங்கத்தினர் சங்கத்துக்கே கொடுத்தல் வேண்டும்.

2. இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் வாங்கும் கடனுக்கு அங்கத்தினர் யாவரும் கூட்டுப் பொறுப்பாளிகள் ஆவர்.

3. லாபம், போட்ட முதலின் அளவுப்படி அன்றிக் கொடுத்த பாலின் அளவுப்படியே பகிரப்படும்.

4. வாக்கு ஆளுக்கு ஒன்றே; மாட்டுக்கு ஒன்று அன்று. நூறு பசு உடையவருக்கும் இரண்டு பசு உடையவருக்கும் சங்கக் கூட்டத்தில் ஒரே மதிப்பு.

5. பாலேடு நீக்கிய பாலை அங்கத்தினர் திரும்பப் பெற்றுக் கன்றுகளுக்கும் பன்றிகளுக்கும் கொடுக்கலாம்.

இந்நிபந்தனைகளுள் முதலாவதே மற்றவற்றைத் தாங்கும் கடைக்கால் ஆகும். நாள்தோறும் இன்ன அளவு பால் வரும் என்னும் உறுதி இருந்தமையாலேயே கடன் கொடுப்பவர் துணிந்து கொடுத்தனர். இயந்திரம் வீணே நிற்காமல் ஓடிற்று. பல வீட்டுப் பாலும் ஒரே இடத்தில் ஒரே முறையில் பதப்படுத்தப்பட்டபடியால், சிறு குடியானவரின் வெண்ணெயும் பெரும் பண்ணையின் வெண்ணெய்க்கு நிகராயிற்று. சில ஆண்டுகளுக்குள் பல நூறு கிராமங்களில் இத்தகைய சங்கங்கள் தோன்றின. 1844-ம் ஆண்டு முதல் கிராமத்து இளைஞர்களுக்கென நிறுவப்பட்டு வந்த மக்கள் உயர்பள்ளிகளால் அக்குடியானவரிடையே கல்வியும் பரஸ்பர நம்பிக்கையும் வளர்ந்திருந்தமை இதற்குப் பெருந்துணையாயிற்று.

சங்கங்களின் பின்னல்

ஒரு சங்கத்தின் பயனைக் கண்டவர்கள் பிற தொழில்களுக்கும் அதனை விரித்தனர். 1887-ம் ஆண்டில் ஜெர்மனி, டென்மார்க்கிலிருந்து உயிருள்ள பன்றிகளை இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே ஹோர்சென்ஸ் நகரில் முதற் கூட்டுறவு இறைச்சிச் சாலை எழுந்தது. இறைச்சியைப் பதனிட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1895-ம் ஆண்டில் முட்டை ஏற்றுமதிச் சங்கம் தோன்றிற்று. அதில் ஒவ்வொரு முட்டையிலும் சங்கத்தின் எண்ணும் அங்கத்தினரின் எண்ணும் முத்திரையிடப்பட்டன. கெட்ட முட்டை இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்படினும் அது யாருடையது என்பது தெரிந்துவிடும். அதே ஆண்டில் வேயன் என்னும் ஊரில், ஒவ்வொரு பசுவின் பாலையும், கொழுப்பையும், உண்ட தீவனத்தையும் அளந்து கணக்கு வைக்கும் கறவைக் கணக்குச் சங்கம் அமைந்தது. எப்பசு லாபம் தருகிறது, எப்பசு தின்று தீர்க்கிறது என்பதை ஊகத்தால் அன்றிக் கணக்கால் அறியும் வழி அதனால் பிறந்தது.

இவ்வாறு வெண்ணெய்ச் சங்கத்தில் மீந்த பால் பன்றி வளர்ப்புக்கும், கணக்குச் சங்கத்தின் அறிவு பாற்சங்கத்துக்கும் உதவின. ஒன்றுக்கொன்று துணையாகச் சங்கங்கள் பின்னிக் கிடந்தமையே அத்தேசம் தானிய விலை வீழ்ச்சியினின்றும் தப்பியதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாம்.

பிற்காலத்துக் கேடு

இக்கதை இத்துடன் முடிவதாயின் இனிமையாகவே இருக்கும். ஆனால் பின்னர் நிகழ்ந்ததையும் கூறுதல் அவசியம். 1973-ம் ஆண்டில் டென்மார்க் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அச்சந்தையில் வெண்ணெய்க்கும் பால் பொடிக்கும் ஆதரவு விலை அளிக்கப்பட்டமையால், உற்பத்தி தேவையை மீறிப் பெருகி, வெண்ணெய் மலைபோல் கிடங்குகளில் குவிந்தது. 1984-ம் ஆண்டில் ஒவ்வொரு பண்ணையும் இவ்வளவு பால்தான் தரலாம் என வரம்பு விதிக்கப்பட்டது. அவ்வரம்பு 2015-ம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நீக்கப்பட்டது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பால் விலை பெரிதும் இறங்கிற்று.

இதற்கிடையே கிராமச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்து, 2000-ம் ஆண்டில் டென்மார்க்கின் மிகப் பெரிய பாற்கூட்டுறவு ஸ்வீடனின் கூட்டுறவோடு ஒன்றாயிற்று. அதற்கு உடையவர்கள் இன்றும் குடியானவர்களே. ஆயினும், முற்காலத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் கறவை வைத்திருந்த அத்தேசத்தில், இப்போது எஞ்சியுள்ளவை சில ஆயிரம் பண்ணைகளே. அவற்றுள்ளும் பல பெருங்கடனில் உள்ளன. மிகுதியாக இட்ட உரமும் சாணமும் நீரிற் கலந்து கடற்கழிகளைக் கெடுத்தமையால், 1987-ம் ஆண்டில் அரசாங்கமே நீர்நிலைகளைக் காக்கும் திட்டம் ஒன்றை வகுக்க வேண்டியதாயிற்று.

இதனால் அறியத்தக்கது யாதெனில், இடையில் நிற்பவர் லாபத்தைக் கவர்வதற்குச் சங்கம் நல்ல மருந்து. அளவின்றிப் பெருக்கும் போட்டிக்கு அது மட்டும் மருந்தாகாது. சங்கமே அப்போட்டியில் முந்த முற்படின், சிறிய அங்கத்தினரே முதலில் உதிர்வர்.

கைரா ஜில்லாவின் வழி

நம் தேசத்தில், குஜராத்தின் கைரா ஜில்லாக் குடியானவர்கள் பம்பாய்க்குப் பால் அனுப்பும் ஏற்பாட்டில் தமக்கு உரிய விலை கிடையாமையைக் கண்டு, 1946-ம் ஆண்டில் பால் கொடுப்பதை நிறுத்தி வைத்தனர். சர்தார் வல்லபபாய் பட்டேலின் ஆலோசனைப்படி அவ்வாண்டு டிசம்பரில் தமது யூனியனைப் பதிவு செய்தனர். திரிபுவனதாஸ் பட்டேல் அதன் தலைவரானார். குளிர்காலத்தில் எருமைப் பால் மிகுந்து வாங்குவாரின்றி வீணாயிற்று. அதனைப் போக்க, 1955-ம் ஆண்டில் ஆனந்த் நகரில் பால் பொடித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஆகவே, மிகுந்த காலத்துப் பால் விலையைக் கெடுக்காமல் குறைந்த காலத்துக்குச் சேமிக்கப்பட்டது.

ஐரோப்பாவில் குவிந்த பொடியும் வெண்ணெயும் 1970-ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின்படி நம் தேசத்துக்கு நன்கொடையாக வந்தன. அவற்றை இலவசமாகப் பகிர்ந்திருப்பின் நம் கிராமப் பாலின் விலை அழிந்திருக்கும். அவ்வாறின்றி, அவற்றைப் பாலாக்கி நகரங்களில் விலைக்கே விற்று, அப்பணத்தைக் கிராமச் சங்கங்களை வளர்க்கச் செலவிட்டனர். அயல் தேசத்துப் போட்டியின் மிச்சத்தையே நம் சங்கங்களுக்கு முதலாக மாற்றிய உபாயம் இது.

நம் சங்கத்தார் கவனிக்கத்தக்கவை

தமிழ்நாட்டின் பால் உற்பத்தியாளர் சங்கங்களும் ஆனந்த் முறையைத் தழுவியவையே. கோடையில் பால் குறையும்போது வெளி வியாபாரி லிட்டருக்குச் சிறிது கூட்டித் தருவதும், மழைக்குப் பின் பால் மிகும்போது அவரே வாங்க மறுப்பதும் பல ஊர்களிற் காணப்படுவதாகும். கோடையில் அவரிடம் சென்று, மழைக்குப் பின் சங்கத்துக்குத் திரும்பும் அங்கத்தினர், சங்கத்தின் நஷ்டத்தையே பெருக்குகின்றனர். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. இரு பருவத்து விலையையும் தனித்தனியே பாராமல், ஆண்டு முழுவதும் கிடைத்த தொகையைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

2. கொழுப்பும் இதர திடப்பொருளும் தம் எதிரிலேயே அளக்கப்படுவதைக் கண்டு, சீட்டைப் பெற்றுப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

3. எத்தனை லிட்டர் கறந்தது என்பதோடு, ஒரு லிட்டருக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதையும் குறித்து வருதல் வேண்டும். கம்பு நேப்பியர் புல், வேலிமசால், அகத்தி முதலியவற்றைச் சொந்த நிலத்தில் வளர்ப்பதால் விலைத் தீவனச் செலவு குறையும்.

4. தம் நிலமும் நீரும் தாங்கும் அளவுக்கே கறவை வைத்தல் வேண்டும். விலை ஏறியுள்ளபோது கடன் வாங்கி மந்தையைப் பெருக்கினால், விலை இறங்கிய பின்னும் கடன் நிற்கும்.

5. ஆண்டுப் பொதுக் கூட்டத்துக்குத் தவறாது சென்று, கணக்கைப் படிக்கக் கேட்டு, ஐயமுள்ளதை வினவுதல் வேண்டும்.

உலக விலையை ஒரு கிராமம் நிர்ணயிக்க இயலாது. அவ்விலையின் ஏற்ற இறக்கத்தால் ஒரு குடும்பம் மட்டும் அழியாதபடி பலர் சேர்ந்து தாங்குதல் இயலும். விலை ஏறிய மாதத்தில் சங்கத்தை விட்டு நீங்காதவருக்கே, விலை இறங்கிய மாதத்தில் சங்கம் துணை நிற்க முடியும்.