எசேக்கியாவின் சுரங்கமும் மூன்று சாட்சிகளும்

எபிரேய வேதாகமத்தை நம்மில் சிலர் பக்தியோடு படிக்கிறோம். மற்றவர்கள் ‘அது அவர்கள் சமய நூல்’ என்று தொடாமலே விட்டுவிடுகிறோம். இலக்கியமாகவும் வரலாற்றுச் சான்றாகவும் அதைப் படிப்பது இன்னொரு வழி. அதில் வரும் ஒரு சொல் தமிழன்பர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். சாலொமோனுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் எழுதினார். (அறிஞர்கள் எல்லாரும் இதை ஏற்பதில்லை.) ஆனால் ஒரு சொல்லோடு நின்றுவிடலாமா? ஒரு முழு நிகழ்ச்சியையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

சாலொமோனுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், கி.மு. 701-இல், அசீரியப் பேரரசன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்தான். யூதாவின் அரசன் எசேக்கியா அவனுக்கு அடங்க மறுத்ததே காரணம். இதற்கு மூன்று சாட்சிகள் உண்டு: வேதாகமம், படையெடுத்தவனே எழுதிவைத்த குறிப்பு, எருசலேமின் அடியில் ஒரு சுரங்கம்.

சனகெரிப்பின் குறிப்பு, நினிவேயில் 1830-இல் கிடைத்த ஆறு முகமுள்ள களிமண் பட்டகத்தில் இருக்கிறது. 46 அரண் சூழ்ந்த நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் பெருமை பேசுகிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை! கப்பமாகப் பெற்றது 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி என்கிறான். இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தைத் திறந்தால் பொன் அதே 30 தாலந்து, வெள்ளி 300. பகைவர் இருவர் கணக்கில் ஒரு தொகை அப்படியே ஒத்துப்போவது சாதாரணமல்ல. வெள்ளியில் யார் கூட்டினார், யார் குறைத்தார் என்பது தணிக்கைக்காரர் வேலை.

இதே கதையை ஏசாயா புத்தகமும் நாளாகமமும் சொல்கின்றன. அவை இரண்டிலும் கப்பம் கட்டிய செய்தியே இல்லை. மூன்று புத்தகங்களிலும் முடிவு ஒன்றுதான்: தேவதூதன் அசீரியப் படையை அழிக்கிறான். அப்படியானால் கப்பத்தை ஏன் விட்டார்கள்? பணிந்து பணம் கட்டிய அரசனைவிட, கடவுளை மட்டும் நம்பி நின்ற அரசன் அவர்கள் கதைக்கு வேண்டியிருந்தான் என்றே நான் கருதுகிறேன். அதைப் பொய் என்று தள்ளினால் நாம் இழப்பதே அதிகம். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படிப்பதுதான் இலக்கியப் படிப்பு.

நாடகச் சுவைக்கு ஓர் இடம். அசீரியத் தளபதி மதிலுக்கு வெளியே நின்று எபிரேய மொழியிலேயே மிரட்டுகிறான். மதில்மேல் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே, அரமேய மொழியில் பேசக்கூடாதா என்று அரசனின் அதிகாரிகள் கெஞ்சுகிறார்கள். அவனோ இன்னும் உரக்க, மக்களைப் பார்த்தே எபிரேயத்தில் பேசுகிறான். அடுத்த மேஜைக்காரருக்குப் புரியக்கூடாது என்று அலுவலகத்தில் தமிழுக்குத் தாவும் நமக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

இனி மூன்றாவது சாட்சி. ரயில்வேயில் இருந்தவன் ஆதலால் இதில் எனக்குச் சற்று ஈடுபாடு கூடுதல். கீகோன் ஊற்று நகர மதிலுக்கு வெளியே இருந்தது. அந்தத் தண்ணீரை அரசன் நகருக்குள் கொண்டுவந்தான் என்று இராஜாக்கள் புத்தகம் ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறது. அந்தச் சுரங்கத்தை எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1838-இல் உள்ளே நுழைந்து அளந்தார். நீளம் சுமார் 533 மீட்டர். பாறையைக் குடைந்து, வளைந்து வளைந்து செல்கிறது. இரு முனைக்கும் உள்ள மட்ட வேறுபாடு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான்! தியோடலைட்டும் இல்லை, லெவல் கருவியும் இல்லை. இரு முனையிலிருந்தும் இரு குழுக்கள் வெட்டி நடுவில் சந்தித்தன. எப்படிச் சந்தித்தார்கள் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பாறையின் இயற்கைப் பிளவைப் பின்பற்றினார்கள் என்பர் சிலர். மேலே தரையில் தட்டிய ஓசை வழிகாட்டியது என்பர் வேறு சிலர். சந்திக்கும் இடத்துக்கு அருகில் திசை மாற்றி மாற்றி வெட்டிய தடங்கள் இன்னும் தெரிகின்றன. காலமும் ஏறத்தாழ அதுவே என்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. சுண்ணச்சாந்தில் சிக்கியிருந்த தாவரத் துணுக்கைக் கரிம முறையில் கணித்தார்கள்.

1880-இல் சீலோவாம் பக்கத்து முனைக்கு அருகே, சுரங்கச் சுவரில் ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது மறுபக்கத்தார் கூப்பிடும் குரல் கேட்டதையும், கடைசி நாளில் உளி உளியை எதிர்கொண்டதையும், தண்ணீர் 1,200 முழம் ஓடியதையும் அது சொல்கிறது. அரசன் பெயர் இல்லை; கடவுள் பெயரும் இல்லை. வேதாகமத்திலோ உளி பிடித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

படிக்க விரும்பும் அன்பர்கள் முதலில் இராஜாக்கள் இரண்டாம் புத்தகம் 18 முதல் 20 வரை உள்ள அதிகாரங்களையும், பிறகு ஏசாயா 36 முதல் 39 வரையும், கடைசியாக நாளாகமம் இரண்டாம் புத்தகம் 32-ஐயும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். ஏசாயா 38-இல், நோயிலிருந்து எழுந்த எசேக்கியா பாடுவதாக ஒரு பாட்டு வரும். அது இராஜாக்கள் புத்தகத்தில் கிடையாது. அதை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.