சென்னை வானொலி வளர்ந்த கதை

வானொலிப் பெட்டியைத் திருப்பினால் பாட்டு வரும், செய்தி வரும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் எந்தப் பாட்டு, யாருக்காக, யாருடைய செலவில் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? சென்னை வானொலியின் வரலாறு இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள், 40 வாட் ஆற்றலுள்ள சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் துவக்கினர். ஆர்வலர் சிலரின் முயற்சி அது. கேட்டவர்களும் பெட்டி வைத்திருந்த சிலரே. பணமுடையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது.

1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பெட்டி வாங்க இயலாத ஏழையும் மாலையில் காற்று வாங்கியபடி இசை கேட்டார். மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கென்று இசைப் பாடமும் கதையும் தனியே ஒலித்தன. நம்மைப் போன்ற பிள்ளைகளை அன்றே நினைத்தார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது அன்றோ?

1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுற்றது. நகருக்கு மத்திய அலையும், தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சிற்றலையும் பயன்பட்டன. கருநாடக இசை, உரை, நாடகம் ஆகியவை சிறப்பிடம் பெற்றன. 1952-இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை வெகுவாகக் குறைத்தார். நல்லிசை வளர வேண்டும் என்பது அவர் எண்ணம். நேயர்களோ இலங்கை வானொலியைத் தேடிப் போயினர்! அதன் பின்னரே, 1957 அக்டோபர் 3-இல் திரைப்பாடல்களுக்கும் இடந்தரும் விவித பாரதி பிறந்தது. 1967-இல் பம்பாயில் விளம்பரங்களும் சேர்ந்தன. பின்னர் சென்னைக்கும் அவை வந்தன. 1977 ஜூலை 23-இல் சென்னையில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. அதன் ஒலி தெளிவானது. ஆயினும் மத்திய அலையளவு நெடுந்தொலைவு செல்லாது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நடத்துபவர் மாறும்போது நிகழ்ச்சியும் மாறுகிறது. நல்லதை மட்டும் தருவோம் என்றால் கேட்பவர் விலகிவிடுகின்றனர். கேட்பவர் விரும்புவதை மட்டும் தருவோம் என்றால், விளம்பரத்துக்குப் பயன்படாத எளியவர் மறக்கப்படுவர். 1960-களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்னும் நெல்லைப் பற்றி உழவர்க்கு எடுத்துச் சொன்னது. தஞ்சை உழவர் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். பாட்டுக் கேட்கும் பெட்டியே வயலுக்கும் வழிகாட்டியது!

ஆகவே தோழியரே, இனி வானொலி கேட்கும்போது, "இது யாருக்காக ஒலிக்கிறது? யாருக்கு ஒலிக்கவில்லை?" என்றும் கேட்டுப் பழகுவோம்.