பேரிரைச்சலில் ஒரு குரல்

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருப்பரங்குன்றம். முருகனுடைய ஆறுபடை வீடுகளுள் முதலாவதாகப் போற்றப்படும் இவ்வூரில், பங்குனிப் பெருவிழாவின்போது தேர் மலையைச் சுற்றி வரும். வடம் பிடிப்போரின் முழக்கமும், நாகசுர இசையும், ஒலிபெருக்கியின் அறிவிப்பும், ஊதல் விற்போன் ஊதும் ஓசையும், வளையற்கடைப் பேரமும் கலந்து அன்று காதை அடைக்கும். அவ்விரைச்சலின் நடுவே, கைந்நழுவிப்போன மகனைத் தாய் ஒருத்தி பெயர் சொல்லி அழைக்கிறாள். சிறுவன் உடனே திரும்பிப் பார்க்கிறான். அருகே நின்றோர் செவியிலும் அவ்வொலி விழுந்தது, அவர்களோ திரும்பவில்லை.

இது நிகழும் முறையை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் வெளியிட்டவர் காலின் செரி என்னும் ஆங்கில அறிஞர். அவர் ஒருவருடைய இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். அதனைச் செவ்வனே செய்தவர்கள், மற்றைக் காதில் கேட்டது யாது என வினவியபோது விடையின்றி நின்றனர். குரல் ஆணினுடையதா பெண்ணினுடையதா என்பதை அறிந்திருந்தனர். பேச்சின் பொருளை அறியவில்லை. இடையே ஆங்கிலம் நின்று ஜெர்மானிய மொழி ஒலித்ததையும் உணரவில்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர் நெவில் மோரே என்பார், ஒதுக்கப்பட்ட காதில் கேட்போரின் பெயரையே ஒலிக்கச் செய்தபோது, சிலர் அதனை மட்டும் கண்டுகொண்டனர். ஒதுக்கிய ஒலியும் வாயிற்படிவரை வந்து நிற்கிறது. தனக்குரியது எனத் தோன்றுவதற்கே மூளை கதவைத் திறக்கிறது.

கண்ணின் செயலும் இத்தகையதே. ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் ஒளியை உணரும் உயிரணுக்கள் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவை. அங்கிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளோ ஏறத்தாழப் பத்து இலட்சமே. ஆதலின் சுருக்கும் வேலை கண்ணிலேயே தொடங்கிவிடுகிறது. உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே உள்ள மூளை, உடல் ஓய்ந்திருக்கும்போதும் அது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை உண்கிறது. வந்தவற்றையெல்லாம் ஆராயப் புகுந்தால் அதற்குக் கட்டுப்படியாகாது.

உள்ளே புகுந்தவற்றுள்ளும் ஒரு நேரத்தில் மனம் ஏந்திநிற்பவை மிகச் சில. ஏழு என்னும் அளவை 1956ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்லர் கூறினார். நான்கே என 2001ஆம் ஆண்டில் நெல்சன் கோவன் குறைத்தார். ஆயினும் கட்டாகக் கட்டி ஏந்துவதற்குத் தடையில்லை. 1, 9, 4, 7, 1, 9, 5, 0 என எட்டு இலக்கங்களைத் தனித்தனியே நினைவிற்கொள்வது கடினம். 1947, 1950 என நாட்டு வரலாற்றின் ஆண்டுகளாகக் கண்டவனுக்கு அவை இரண்டே.

இக்கலையின் எல்லையைத் தொட்டோர் தமிழ்நாட்டுக் கவனகர். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் நூறு செயல்களைக் கவனத்தில் கொள்ளும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். முதுகில் விழும் கற்களை எண்ணுதல், மணியோசையைக் கணக்கிடுதல், கேட்டவாறு வெண்பாப் பாடுதல், கணக்கிற்கு விடை பகர்தல், சதுரங்கம் ஆடுதல் முதலியன கவனகத்தில் இடம்பெறுவன. இவை யாவும் ஒரே கணத்தில் நிகழ்வனபோலத் தோன்றினும், கருத்தூன்றிச் செய்ய வேண்டிய இரண்டனைச் செய்யும் மூளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது என்பர் உளவியலார். ஒவ்வொரு தாவலிலும் சிறிது காலம் வீணாகும். கவனகருக்கு எண்ணுதல் பழக்கத்தால் எளிதாகிவிடுகிறது. விட்ட செய்யுளைத் தொடரும்போது எதுகையும் மோனையும் கைகொடுக்கின்றன. பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு நிமிடத்திற்கொரு முறை கைப்பேசியை நோக்கும் மாணவனும் தாவத்தான் செய்கிறான். அவனைக் கவனகன் என்று எவரும் அழைப்பதில்லை.

பயின்ற உள்ளத்தையும் இழுத்துவிடும் ஒன்று உண்டு, அது புதுமை. திருப்பரங்குன்றத்தில் வழங்கும் பழங்கதை இதனைக் காட்டும். நக்கீரர் பொய்கைக் கரையில் சிவபூசையில் அமர்ந்திருந்தார். மரத்திலிருந்து விழுந்த இலை ஒன்று பாதி நீரிலும் பாதி நிலத்திலுமாகக் கிடந்தது. நீரிற்பட்ட பாதி மீனாகவும் நிலத்திற்பட்ட பாதி பறவையாகவும் மாறி ஒன்றையொன்று இழுத்தன. புலவரின் கருத்து அங்கே சென்றது. பூசையில் வழுவியோரைப் பிடித்து அடைத்துவந்த பூதம் ஒன்று, ஆயிரமாமவராக அவரைக் குகையில் இட்டது. கதை இதனை நக்கீரரின் குற்றம் என்கிறது. மூளையின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு கூறத் தயங்குவர். சருகு அசைந்தால் திரும்பிப் பாராதவன் காட்டில் புலிக்கு இரையாகியிருப்பான் அன்றோ?

ஆயிரவர் நிறைந்தமையின் பூதம் இனித் தம்மை உண்ணும் என்று மற்றைத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின்மரும் அழுதனர். அவ்வழுகுரலுக்கு நடுவே, இருட்குகையில் இருந்தவாறே நக்கீரர் திருமுருகாற்றுப்படையின் 317 அடிகளையும் பாடி முடித்தார் என்பது கதை.