பண்ணைக்குக் காவல் யார்? – தென்னாப்பிரிக்கா பற்றி ஓர் ஆய்வு

தென்னாப்பிரிக்கா என்றதும் நமக்குக் காந்தியடிகளும் மண்டேலாவும், அப்புறம் கிரிக்கெட்டும் ஞாபகத்துக்கு வரும். அந்த நாட்டுக் கிராமப் பண்ணைகளுக்கு யார் காவல் என்று நாம் யோசித்திருக்க மாட்டோம். கம்யூனிகேஷன் பாடத்துக்காக வி.எச்.எஃப். ரேடியோவைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் நான் இந்த விஷயத்துக்குள் வந்தேன்.

முதலில் தூரத்தைச் சொல்ல வேண்டும். காரூ என்ற வறண்ட பகுதியில் ஓர் ஆட்டுப் பண்ணையே பல ஆயிரம் ஹெக்டேர் இருக்கும். அடுத்த வீடு பல கிலோமீட்டர் தள்ளி. போலீஸ் ஸ்டேஷன் அதற்கும் அப்பால். நம்ம ஊர்ல "திருடன்!" என்று ஒரு சத்தம் போட்டால் தெருவே கம்போடு வந்து நிற்கும். அங்கே கத்தினால் ஆடுகளுக்குத்தான் கேட்கும். கொள்ளையர்கள் துப்பாக்கியோடு வருவதும், கொலை வரை போவதும் அங்கே பலமுறை நடந்திருக்கிறது.

இந்தத் தூரத்துக்கு அவர்கள் கண்ட வழி ரேடியோ. 'மார்நெட்' என்ற ராணுவப் பகுதி ரேடியோ வலைப்பின்னலில் பண்ணை வீடுகள் இணைக்கப்பட்டிருந்தன. வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. குன்று குறுக்கே வந்தால் சிக்னல் அடிபடும் என்று நாம் படித்திருக்கிறோம். அதனால் உயரமான குன்றின் மேல் ரிப்பீட்டரை வைத்துவிட்டால் இரண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கும் பேசிக்கொள்ளலாம். இப்படிப்பட்ட வலைப்பின்னல்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'ரோல்கால்' முறை. குறித்த நேரத்தில் ஒருவர் ஒவ்வொரு வீட்டின் அழைப்புப் பெயரையும் கூப்பிடுவார். பதில் வந்தால் சரி. வராவிட்டால் பக்கத்துப் பண்ணைக்காரர் போய்ப் பார்ப்பார். நம்ம வகுப்பு அட்டெண்டன்ஸ் மாதிரிதான். ஆனால் 'ப்ராக்ஸி' கொடுக்க முடியாது!

சரி, கூப்பிட்டால் வருவது யார்? இரண்டு வகைத் தொண்டர்கள் இருந்தார்கள். ஒன்று, ராணுவத்தின் கீழ் இயங்கிய 'கமாண்டோ'. பெயரைக் கேட்டு சினிமா கமாண்டோவை நினைக்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களே பகுதி நேரமாகச் செய்த காவல் அது. மற்றொன்று, போலீஸ் ரிசர்விஸ்ட். நம்ம ஊர்க்காவல் படை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். சொந்த வேலை போக மீதி நேரத்தில் சம்பளமில்லாமல் போலீசோடு பணி செய்பவர்கள். 1995-ம் ஆண்டுப் போலீஸ் சட்டத்திலேயே இவர்களுக்கு இடம் உண்டு. மண்டேலா ஆட்சியில், 1997-ல் வந்த கிராமப் பாதுகாப்புத் திட்டம் போலீஸ், ராணுவம், விவசாயிகள் சங்கம் எல்லாவற்றையும் ஒன்றாக உட்கார வைத்தது.

ஏட்டில் பார்த்தால் அருமையான திட்டம். ஆனால் ஒரு பண்ணையில் முதலாளி வீடு மட்டுமா இருக்கிறது? தொழிலாளர் குடியிருப்பும் இருக்கிறது. 2003-ல் வெளியான அரசு விசாரணைக் குழுவின் அறிக்கைப்படி, 2001-ல் பண்ணைத் தாக்குதலுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். ஒரு சிறு பங்கு ஆசிய வம்சாவளியினர். (1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம்மவர்களின் சந்ததிகள் அந்த நாட்டில் இருப்பதை மறந்துவிடக் கூடாது.) காரணம் பெரும்பாலும் கொள்ளைதான், அரசியல் மிகக் குறைவு என்றும் அந்தக் குழு சொன்னது. அப்படியென்றால் ஆபத்து எல்லோருக்கும் பொது. ரேடியோ மட்டும் பெரும்பாலும் முதலாளி வீட்டில்!

இன்னும் கசப்பான சங்கதியும் உண்டு. 2001-ல் 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' அமைப்பு வெளியிட்ட அறிக்கை, வாக்கர்ஸ்ட்ரூம் போன்ற இடங்களில் கமாண்டோக்களே கறுப்பினத் தொழிலாளர்களை அடித்துத் துன்புறுத்தியதாகக் கூறியது. காவலுக்கு வந்தவனைக் கண்டே ஒருவன் பயந்து ஒதுங்கினால், நேற்று ராத்திரி கேட்டுப் பக்கம் சுற்றிய அந்நிய வண்டியைப் பற்றி அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அங்கே காவலின் பாதிக் கண் குருடாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், ஆள் பற்றாக்குறையை விட இதுதான் பெரிய ஓட்டை.

2003-ல் அதிபர் இம்பெக்கி கமாண்டோ முறையைக் கலைக்கப்போவதாக அறிவித்தார். 2008-க்குள் அது முடிந்தது. அந்த இடத்தைப் போலீசும் ரிசர்விஸ்டும் நிரப்புவார்கள் என்பது திட்டம். ஆனால் சேர்ந்தவர்களில் பலர் வேலையில்லாத இளைஞர்கள். இந்த வழியாக நிரந்தர வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸ் வேலைக்கு அலையும் நமக்கு அந்தத் தவிப்பு புரியாததல்ல. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2009-ல் புது ஆள் சேர்ப்பையே நிறுத்தினார்கள். 2014-ல் புது விதிகள் வந்தாலும், பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

இப்போது பண்ணைக்காரர்கள் தாங்களாகவே காவல் குழு வைத்து, செல்போனில் வாட்ஸ்அப் குழுவும் நடத்துகிறார்கள். டவர் கிடைக்காத பள்ளத்தாக்குகளில் இன்னும் ரேடியோதான் பேசுகிறது. அந்தக் குழுக்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. ரோல்கால் பட்டியலில் தொழிலாளர் குடியிருப்புக்கும் ஓர் அழைப்புப் பெயர் கொடுத்தால் என்ன? ஒரு ஹேண்ட்செட், ஒரு சார்ஜர், பட்டியலில் கூடுதலாக ஒரு வரி. ரிப்பீட்டர் ஏற்கனவே குன்றின் மேல் இருக்கிறது.