மலையைக் குடைந்த மடம்

கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டுவது ஒரு கலை. கல்லைக் குடைந்து கோயில் காண்பது மற்றொரு கலை. இவ்விரண்டும் சுவரோடு சுவராக நிற்கும் இடம் ஆர்மீனியா நாட்டின் கெகார்டு மடம். அதன் அமைப்பு எழுப்பும் வினா ஒன்றை நண்பர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

அசாத் ஆற்றின் பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறைகளின் நடுவே இம்மடம் உள்ளது. குகையில் ஊறிய புனிதச் சுனையின் அருகே, 4-ஆம் நூற்றாண்டில் கிரகோரி முனிவர் இதனை நிறுவினார் என்பது மரபு. ‘குகைமடம்’ என்னும் பொருள்படும் ‘அயிரிவாங்க்’ என்பதே பழைய பெயர். ஏசுநாதரின் விலாவிற் பாய்ந்ததாக நம்பப்படும் ஈட்டி இங்கிருந்தமையால், ஈட்டியைக் குறிக்கும் ‘கெகார்டு’ என்னும் பெயர் பின்னர் வந்தது. அரபுப் படையினர் மடத்தை அழித்தனர்.

இன்று நாம் காணும் தலைமைக் கோயில் 1215-இல் எழுந்தது. அதனை ஒட்டிய முன்மண்டபம் 1225-இல் நிறைவுற்றது. நடுவில் நான்கு தூண்கள்; அவற்றின்மேல் வளைவுகள்; உச்சியில் ஒளி புகும் துளை. இவை கல்லால் கட்டியவை.

பின்னர் மடம் புரோஷ் என்னும் சிற்றரசரின் குடும்பத்தார் கைக்கு வந்தது. அவர்கள் காலத்தில் மலையே கோயிலாயிற்று. முதற் குகைக்கோயிலைக் குடைந்த கால்ட்சாக் என்பாரின் பெயர் அங்கேயே பொறிக்கப்பட்டுள்ளது. 1288-இல் மேல்தளத்தில் ஒரு கல்லறை மண்டபம் குடையப்பட்டது. அங்கும் நான்கு தூண்கள், வளைவுகள், உச்சித்துளை! அதன் தரையிலுள்ள துளைவழியே கீழ்த்தளத்தைக் காணலாம்.

கட்டிய மண்டபத்தில் தூணை எடுத்தால் கூரை விழும். குடைந்த மண்டபத்திலோ தூணும் கூரையும் சுவரும் ஒரே பாறை. வளைவு தாங்க வேண்டிய தனிக்கற்கள் அங்கில்லை. பின் ஏன் அவ்வடிவம்?

வெறும் அலங்காரம் என்பார் உளர். யான் அவ்வாறு கருதேன். கட்டுவோன் பழுதுற்ற கல்லை மாற்றலாம்; குடைவோன் வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. அத்தகைய இடர்ப்பாட்டை ஏற்று வளைவுகளைச் செதுக்கினர் எனின், அவ்வடிவம் அவர்க்குப் பாரம் தாங்கும் கருவி மட்டுமன்று. கோயில் என்பதன் இலக்கணமே அதுதான். குகையுள் நுழைபவனும், ‘இது குகையன்று, கோயில்’ என உணரவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம் எனத் துணிகின்றேன்.