புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்ததா? இந்த ரிப்போர்ட்டை விடாதீர்கள்

தடா பக்கத்திலிருந்து புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ திருப்பதிக்கோ போகிறவர்கள், டிஸ்சார்ஜ் சம்மரியோடு திசு ஆய்வு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். எடுத்த சுரப்பியின் வெளிப்புறத்தில் மை பூசி ஆராய்வார்கள். அந்த மையைப் புற்றணு தொட்டிருந்தால் ‘மார்ஜின் பாசிட்டிவ்’. உடனே இடிந்துபோக வேண்டாம், பலருக்கு நோய் திரும்புவதே இல்லை. தொட்ட நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறைவா, அந்த இடத்தில் கிளீசன் எண் (புற்றின் வீரியத்தைக் காட்டும் எண்) என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்த 6 முதல் 8 வாரத்தில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை உண்டு. பிறகும் தொடர வேண்டும், முடிந்தவரை ஒரே லேபில். இம்முறை சூலூர்பேட்டை, அடுத்த முறை சென்னை என்று மாற்றினால் சின்ன ஏற்றம்கூடக் குழப்பும். மார்ஜின் நெகட்டிவ் என்றாலும் இந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கில்லை. பி.எஸ்.ஏ. அளவு 0.2 ng/mL-ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் இறங்காவிட்டால் கதிர்வீச்சு சிகிச்சை பற்றித் தாமதிக்காமல் பேசுங்கள்; அளவு குறைவாக இருக்கும்போதே தொடங்கினால் பலன் அதிகம்.